வாசல் லைட்ட தரைய பார்க்க வைங்க: பெங்களூர் அபார்ட்மென்ட்காரங்களுக்கு ஒரு கைடு

எங்க வீட்டுக்குப் பின்னாடி காலியா கிடந்த சைட்ல போன வருஷம் அஞ்சு மாடி பில்டிங் ஒண்ணு எழும்புச்சு, கட்டி முடிச்சு குடி வந்ததும் மொட்டைமாடி ஓரத்துல ஒரு பெரிய ஃபோகஸ் லைட்ட மாட்டிட்டாங்க, அது நேரா எங்க அம்மா படுக்குற ரூம் ஜன்னல்ல வந்து விழுந்துச்சு. அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் ஆகி ஆறு மாசம்கூட ஆகல. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து டர்க்கி டவல ஜன்னல் கம்பியில கட்டிக்கிட்டு இருந்தாங்க, ஜன்னல சாத்தினா காத்து வரல, திறந்தா வெளிச்சம், "என்னடா இது, நிலாவ கொண்டு வந்து ரூம்ல வச்ச மாதிரி"ன்னாங்க. உண்மையில நிலா அதுல நூறுல ஒரு பங்குகூட இல்ல, முழு பௌர்ணமி உச்சியில நிக்கும்போதே தரையில விழுற வெளிச்சம் கால் லக்ஸ் (ஒரு இடத்துல விழுற வெளிச்சத்தோட அளவு) கிட்டதான், அந்த ஜன்னல்ல அன்னைக்கு என் போன்ல பார்த்தப்போ 30 லக்ஸ் தாண்டி காட்டுச்சு.

அங்க போய் சண்டை போடணும்னுதான் மொதல்ல தோணுச்சு. அப்புறம் நம்ம பில்டிங்ல என்ன இருக்குன்னு ஒரு சுத்து சுத்திப் பார்த்தா, நாங்களும் நாலு வீட்டுக்கு அதேதான் பண்ணிக்கிட்டு இருந்தோம். அதனால முதல்ல எங்க லைட்ட சரி பண்ணினோம், அத காட்டி பக்கத்து பில்டிங்ல பேசினோம், அதுக்கப்புறம் தெருவிளக்கு. ஜீவன் பீமா நகர் பக்கத்துல 40 வீடு இருக்குற சாதாரண அபார்ட்மென்ட்ல நடந்த விஷயம், பெரிய பட்ஜெட் எதுவும் கிடையாது. இதே வரிசையில நீங்களும் செய்யலாம்.

ஒண்ண மட்டும் ஆரம்பத்துலயே மனசுல வச்சுக்கோங்க, "லைட்ட அணைங்க, இருட்டு வேணும்"னு யார்கிட்டயும் கேட்காதீங்க. அப்படி கேட்ட நிமிஷமே எல்லாரும் திருட்டு பயத்த பேச ஆரம்பிச்சிடுவாங்க, அந்த பயம் நியாயமானதுதான். நம்ம கேட்கவேண்டியது, வெளிச்சம் நடக்குற தரையில விழணும், அடுத்தவன் கண்ணுலயும் ஜன்னல்லயும் வானத்துலயும் விழக்கூடாது, அவ்வளவுதான்.

எதுக்கு இவ்வளவு கஷ்டப்படணும்

சுருக்கமா சொல்றேன். ராத்திரியில கண்ணுல நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பட்டா தூக்கத்துக்கு உதவுற மெலடோனின் ஹார்மோன் சுரக்குறது குறையும், தூக்கம் தள்ளிப்போகும். வெளிச்சத்த தேடி வர்ற பூச்சிங்க லைட்டையே சுத்திச் சுத்தி விழுந்து சாகும், ஏப்ரல் மே மாசம் முதல் மழை பேஞ்ச மறுநாள் காலையில எந்த ஃபோகஸ் லைட்டுக்கு கீழயும் ஈசல் இறக்கை குவியலா கிடக்கும் பாருங்க. கடலாமைக் குஞ்சு மண்ணுல இருந்து வெளிய வந்ததும் வெளிச்சம் அதிகமா தெரியுற பக்கம்தான் ஓடும், இயற்கையில அது கடல் பக்கம், சென்னை பெசன்ட் நகர் மாதிரி கடற்கரையில அது ரோட்டு லைட் பக்கம். வானத்த பத்தி சொல்லணும்னா, 2016ல வந்த உலக வரைபடத்துல உலக மக்கள்ல மூணுல ஒருத்தர் வீட்ல இருந்து பால்வீதிய பார்க்க முடியாதுன்னு கணக்கு போட்டிருக்காங்க. 2023ல வந்த இன்னொரு ஆய்வு, பல நாட்டு ஜனங்க வெறும் கண்ணால நட்சத்திரத்த பார்த்து அனுப்பின பதிவ வச்சு செஞ்சது, வானத்தோட வெளிச்சம் வருஷத்துக்கு சராசரி 9.6 சதவீதம் கூடுதுன்னு சொல்லுது. இந்த வேகத்துல போனா, பொறந்தப்போ 250 நட்சத்திரம் தெரிஞ்ச ஊர்ல அந்தக் குழந்தைக்கு 18 வயசு ஆகும்போது 100தான் தெரியும்.

நம்ம ஊரு 1905லயே சிவனசமுத்திரத்து காவேரி அருவியில எடுத்த கரண்ட்ல சிட்டி மார்க்கெட் பக்கம் தெருவிளக்கு ஏத்தின ஊரு. வானத்த ஆராய்ச்சி பண்ற இந்திய வானியற்பியல் நிறுவனமும் இங்க கோரமங்களாவுலதான் இருக்கு. ஆனா அவங்க டெலஸ்கோப்ப வைக்க வாணியம்பாடி தாண்டி ஜவ்வாது மலை காவலூருக்கும், லடாக்ல இருக்குற ஹான்லேவுக்கும் போகவேண்டியிருக்கு. ஹான்லேவ 2022ல இருண்ட வான் காப்பகமா, அதாவது ராத்திரி வானத்த செயற்கை வெளிச்சத்துல இருந்து காப்பாத்துற இடமா, அறிவிச்சாங்க, 2024ல மகாராஷ்டிராவுல பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு இருண்ட வான் பூங்கான்னு அங்கீகாரம் கிடைச்சுது. பெங்களூர ஹான்லே ஆக்க முடியாது, அம்மா ரூம் ஜன்னல சரி பண்ண முடியும்.

முதல் ராத்திரி: நோட்டு, பேனா, ஒரு சுத்து

பத்து மணிக்கு மேல போங்க, நிலா இல்லாத நாளா இருந்தா நல்லது. கூட ஒருத்தர கூட்டிக்கோங்க, கமிட்டியில இருக்குறவரா இருந்தா பாதி வேலை அங்கயே முடிஞ்சுது. ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு நம்பர் போட்டு நாலு விஷயம் எழுதுங்க: எங்க மாட்டியிருக்கு, எத்தனை வாட், வெள்ளையா மஞ்சளா, எதுக்காக அங்க இருக்கு. இந்த நாலாவதுதான் முக்கியம். எங்க பில்டிங்ல 22 லைட் இருந்துச்சு, அதுல எட்டு லைட்டு எதுக்குன்னு யாருக்குமே தெரியல, கட்டும்போது பில்டர் மாட்டினது, கட்டட வேலை ராத்திரியிலயும் நடக்கணும்னு போட்டது, வேலை முடிஞ்சும் அப்படியே எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் காம்பவுண்ட் சுவருக்கு வெளிய போய், தெருவுல நின்னு திரும்பிப் பாருங்க. லைட்டுக்குள்ள இருக்குற எல்இடி சிப், அந்த மஞ்சள் புள்ளி புள்ளியா இருக்குமே, அது உங்க கண்ணுக்கு நேரா தெரிஞ்சா அந்த லைட் வேலி தாண்டுதுன்னு அர்த்தம். பக்கத்து வீட்டு ஜன்னல் உயரத்துல இருந்தும் பார்க்கணும், மூணாவது மாடி படிக்கட்டுல நின்னா தெரிஞ்சிடும். இதுக்கு எந்த மீட்டரும் வேணாம். போன்ல இருக்குற லக்ஸ் ஆப்ப ரொம்ப நம்பாதீங்க, போனுக்கு போன் மாறும், குறைஞ்ச வெளிச்சத்துல ஒண்ணும் காட்டாது. மாத்துறதுக்கு முன்னாடி பின்னாடி ஒப்பிட மட்டும் அதே போன அதே இடத்துல வச்சு எடுத்தா போதும்.

கணக்கையும் அன்னைக்கே போட்டுடுங்க, மீட்டிங்ல உதவும். எங்களுக்கு 22 லைட், ஒவ்வொண்ணும் 50 வாட், சாயங்காலம் ஆறுல இருந்து காலையில ஆறு வரைக்கும், அப்படின்னா ஒரு நாளைக்கு 13.2 யூனிட், மாசத்துக்கு 396 யூனிட். 50 வாட் எல்இடின்னா சுமார் 5000 லூமன் (பல்பு வெளிய விடுற மொத்த வெளிச்சத்தோட அளவு) வரும், பழைய 60 வாட் குண்டு பல்பு 700 லூமன் சொச்சம்தான், அதாவது ஏழு குண்டு பல்ப ஒரே இடத்துல தொங்கவிட்ட மாதிரி. எல்இடி வந்தப்புறம் கரண்ட் கம்மின்னு நினைச்சு எல்லாரும் வாட்ட குறைக்கவே இல்ல, அங்கதான் தப்பு ஆரம்பிச்சுது.

அட்டைய வச்சு ஒரு டெஸ்ட்

இத நான் நீளமா சொல்லப்போறேன், ஏன்னா எங்க பில்டிங்ல ஆளுங்க மனசு மாறினது இந்த ஒரு ராத்திரியிலதான், அதுக்கு முன்னாடி வாட்ஸ்அப் குரூப்புல நான் எழுதின எதையும் யாரும் படிக்கல.

ரெண்டாவது மாடியில ஒரு அங்கிள், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், இதுக்கு கடும் எதிர்ப்பு. "ரெண்டு வருஷம் முன்னாடி பைக் திருடு போச்சும்மா, நீ வந்து லைட்ட கம்மி பண்ணுன்ற"ன்னார். அவர் சொன்னதுல தப்பே இல்ல. நான் வாதம் பண்ணாம, "அங்கிள், இன்னைக்கு ராத்திரி ஒம்பதரைக்கு கேட்டுக்கு வாங்க, பத்து நிமிஷம்தான்"னு மட்டும் கேட்டேன். எங்க எலக்ட்ரீஷியன் அண்ணாகிட்ட முன்னாடியே சொல்லி, பார்க்கிங் கடைசியில இருக்குற வெள்ளை கார் பின்னாடி, தூண் நிழல்ல போய் நிக்கச் சொல்லிட்டேன். தூண் மேல 50 வாட் லைட்டு கேட்ட பார்த்து எரியுது. அங்கிள் கேட்ல நின்னு பார்த்தார், "யாரும் இல்லையே"ன்னார். ஒரு பார்சல் அட்டையில கைப்பிடி மாதிரி செஞ்சு வச்சிருந்தேன், அத தூக்கி அந்த லைட்டு மட்டும் அவர் கண்ணுல படாத மாதிரி மறைச்சேன். ரெண்டு செகண்டுதான், "அட, நம்ம எலக்ட்ரீஷியன்ல நிக்கிறாரு!"ன்னார். அட்டைய எடுத்தேன், ஆள் காணாம போயிட்டாரு. மறுபடி வச்சேன், தெரிஞ்சாரு. அங்கிளே அட்டைய வாங்கி நாலு தடவ செஞ்சு பார்த்தார்.

காரணம் இதுதான், கண்ணுக்கு நேரா பளிச்சுன்னு ஒண்ணு எரிஞ்சா கண்ணு அதுக்கு ஏத்த மாதிரி தன்ன சுருக்கிக்கும், கண்ணுக்குள்ள வெளிச்சம் சிதறி மூடுபனி மாதிரி ஒரு படலம் போடும், பக்கத்துல இருக்குற நிழல் அதுல முழுகிடும். வயசு கூடக்கூட இந்த சிதறல் அதிகமாகும், அதனால பெரியவங்களுக்குத்தான் ஃபோகஸ் லைட் அதிக தொந்தரவு. கேமராவுக்கும் இதே கதைதான், லென்ஸ் பக்கம் லைட்டு அடிச்சா படம் வெளுத்துப்போய் முகம் தெரியாது. ராத்திரி பார்க்குற கேமராவுக்கு அதோட சொந்த இன்ஃப்ராரெட் இருக்கு, அதுக்கு இந்த ஃபோகஸ் லைட் தேவையே இல்ல.

நீங்க செய்யும்போது ரெண்டு பேர கட்டாயம் கூப்பிடுங்க. ஒண்ணு, ராத்திரி டூட்டி பார்க்குற செக்யூரிட்டி, அவர் கண்ணுலதான் பன்னெண்டு மணி நேரமும் அந்த லைட் அடிக்குது. இன்னொண்ணு, நைட் ஷிஃப்ட் முடிச்சு லேட்டா வர்ற பொண்ணுங்க. எங்க மூணாவது மாடியில ஒரு பொண்ணு ரெண்டரை மணிக்கு கேப்ல வந்து இறங்கும், அதுகிட்ட கேட்டப்பதான் தெரிஞ்சுது, "அக்கா, கேட்ல கண்ண கூசுது, அங்க இருந்து லிஃப்ட் வரைக்கும் நடுவுல ஒரு இடம் கும்மிருட்டு, அதுதான் எனக்கு பயம்"னு. கேட்டுல இருந்து லிஃப்ட் வரைக்கும் வெளிச்சம் சீரா இருக்கணும், ஒரு இடம் பளிச், அடுத்த இடம் இருட்டுன்னு இருந்தா கண்ணு பழகவே நேரம் போகும். அந்த நடு இடத்துல முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன லைட் புதுசா போட்டோம். ஆமா, ஒரு இடத்துல லைட்ட கூட்டினோம், அதையும் செய்யணும்.

திருப்புறது, மறைக்கிறது

இதுக்கு காசே கிட்டத்தட்ட ஆகாது, அதனால மொதல்ல இத செய்ங்க. ஃபோகஸ் லைட்டோட கண்ணாடி தரைக்கு நேர் மட்டமா, கீழ பார்த்து இருக்கணும். பக்கத்துல ரெண்டு போல்ட் இருக்கும், மெயின் எம்சிபிய ஆஃப் பண்ணிட்டு அத லூஸ் பண்ணி திருப்பி டைட் பண்ணினா முடிஞ்சுது. "அப்படி வச்சா தூரத்துக்கு வெளிச்சம் போகாதே"ன்னு எலக்ட்ரீஷியன் சொல்வாரு, தூரத்துக்கு போகக்கூடாதுன்னுதான் கேட்குறோம்னு சொல்லுங்க. தூரத்துல நிஜமாவே வெளிச்சம் வேணும்னா அங்க ஒரு சின்ன லைட் தனியா போடுங்க, இங்க இருந்து அடிக்க வேணாம். திருப்பின கோணத்த பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சிடுங்க, மழை காத்துக்கும் துடைக்கிறப்பவும் அது நகரும், கோடு இருந்தா யாரு வேணாலும் சரி பண்ணிடலாம்.

திருப்ப முடியாத லைட்டுக்கு தகர மறைப்பு. வெல்டிங் கடையில ஜிஐ ஷீட்ட வெட்டி மூணு பக்கம் மடிச்சு கொடுப்பாங்க, உள்பக்கம் மேட் கறுப்பு அடிக்கச் சொல்லுங்க, இல்லன்னா அதுவே கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். ஆழம் எவ்வளவுன்னா, எந்த ஜன்னலுக்கு போகக்கூடாதோ அங்க ஒருத்தர நிக்கவச்சு போன்ல பேசிக்கிட்டே அட்டையில அளவு பாருங்க, அவருக்கு சிப் மறையுற இடம்தான் உங்க அளவு. லைட்டுக்கு பின்னாடி மடிப்பு மடிப்பா அலுமினியம் இருக்கும், அது சூடு வெளியேற இருக்குறது, அத மூடிடாதீங்க. தகரத்த எர்த்தோட சேர்க்கணும், மழையில நனையுற இடம், இத விட்டுடாதீங்க, ஏணியில ஏறவும் தெரிஞ்ச ஆளையே விடுங்க.

கீழ இருந்து மேல அடிக்கிற லைட், மரத்துக்கு அடியில, பில்டிங் பேர் பலகைக்கு அடியில வச்சிருப்பாங்களே, அத எடுத்துடுங்க. பேர் பலகைக்கு மேல இருந்து கீழ அடிக்கிற சின்ன லைட் போதும். புங்க மரத்துல சீரியல் செட்ட சுத்தி ஆணி அடிச்சு வருஷம் பூரா எரிய விடுறதும் அப்படித்தான், மரத்துக்கும் அதுல தங்குற பறவைக்கும் ராத்திரின்னு ஒண்ணு வேணும், பண்டிகைக்கு நாலு நாள் போட்டு கழட்டிடுங்க.

கடையில என்ன கேட்குறது

எலக்ட்ரிகல் கடைங்க நிறைய இருக்குற பிவிகே ஐயங்கார் ரோட்டுக்கு போனீங்கன்னா எல்லா கடையிலயும் முதல்ல எடுத்து வைக்கிறது கூல் டேலைட்தான், 6500கேன்னு பெட்டியில போட்டிருக்கும். கேன்னா கெல்வின், நம்பர் கூடக்கூட வெளிச்சம் நீலமா போகும். நீல வெளிச்சம்தான் காத்துல அதிகமா சிதறும், பகல்ல வானம் நீலமா தெரியுற அதே காரணம்தான், அதனால ஊருக்கு மேல வானத்த வெளுக்க வைக்கிறதுல அதுக்குத்தான் பெரிய பங்கு. நீங்க கேட்கவேண்டியது வார்ம் ஒயிட், 3000கே இல்ல 2700கே. அமெரிக்க மருத்துவ சங்கமே 2016ல தெருவிளக்கு 3000 கெல்வினுக்கு மேல போகவேணாம்னு பரிந்துரை சொல்லியிருக்கு. முன்னாடி நம்ம ரோட்ல எல்லாம் ஆரஞ்சு கலர்ல சோடியம் லைட் இருந்துச்சே, அது 2000 கெல்வின் சுமார், அந்த வெளிச்சத்துலதான் நம்ம எல்லாரும் ராத்திரி கிரிக்கெட் ஆடி வளர்ந்தோம், யாருக்கும் கண்ணு தெரியாம போகல.

"மஞ்சள்னா மங்கலா இருக்கும்"னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க, பெட்டியில லூமன் எவ்வளவுன்னு பாருங்க, அதுதான் வெளிச்சத்தோட அளவு. கேட்டுக்கும் பார்க்கிங்குக்கும் எங்களுக்கு 20 வாட் தாராளமா போதும்னு ஆச்சு. வெளிய மாட்டுறதுக்கு ஐபி65ன்னு, அதாவது தூசியும் தண்ணியும் உள்ள போகாதுங்குற தரக் குறியீடு, போட்டிருக்கணும், இல்லன்னா முதல் மழையிலயே தண்ணி இறங்கிடும். மொத்தமா வாங்காதீங்க, ரெண்டு வாங்கி மாட்டி ஒரு வாரம் எல்லாரும் பார்க்கட்டும். எங்க பில்டிங்ல "என்ன கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு"ன்னு முதல் நாள் சொன்ன அக்காவே நாலாவது நாள் அவங்க பால்கனி லைட்டையும் மாத்திக்கிட்டாங்க.

டைமர், சென்சார்

சாயங்காலம் தானா எரிஞ்சு காலையில தானா அணையுற ஃபோட்டோசெல் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும். அத அந்த லைட்டோட வெளிச்சமே அது மேல படுற மாதிரி வச்சுட்டா, விடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு அணைஞ்சு, உடனே இருட்டுன்னு எரிஞ்சு, ராத்திரி பூரா கண் சிமிட்டும், அதனால லைட்டுக்கு மேலயோ பின்னாடியோ மாட்டுங்க. ஃபோட்டோசெல்ல மட்டும் நம்பினா விடிய விடிய எரியும், பத்து மணிக்கு மேல பாதிய அணைக்க ஒரு டைமரும் வேணும். லைட்டெல்லாம் ஒரே வயர்ல இருந்தா முதல்ல ரெண்டு சர்க்யூட்டா பிரிக்கணும், எங்களுக்கு மொத்த செலவுல பெரிசு இந்த வயரிங்தான். ராத்திரி பூரா எரியவேண்டியது ஒண்ணு: கேட், லிஃப்ட் வாசல், படிக்கட்டு, சாய்வு தளம். பத்துக்கு மேல தேவையில்லாதது இன்னொண்ணு: தோட்டம், குழந்தைங்க விளையாடுற இடம், மொட்டைமாடி, பேர் பலகை.

பார்க்கிங்குக்கு சென்சார் சரியா வரும். பிஐஆர் சென்சார் உடம்பு சூட்டோட அசைவ பிடிக்கும், ஆறு ஏழு மீட்டர் வரைக்கும் நம்பலாம். ரோட்ட பார்த்து வைக்காதீங்க, போற வர்ற வண்டிக்கெல்லாம் எரியும். நேரத்த ரெண்டு மூணு நிமிஷம் வைங்க, முப்பது செகண்டு வச்சா வண்டிய லாக் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே அணைஞ்சிடும், அந்த ஒரு எரிச்சல்லயே ஆளுங்க சென்சார பிடுங்கி எறிஞ்சிடுவாங்க.

இதெல்லாம் செஞ்சதுல எங்களுக்கு 22 லைட் 14 ஆச்சு, எல்லாம் 20 வாட், பத்து மணிக்கு மேல ஆறு லைட்தான். ஒரு நாளைக்கு 2.08 யூனிட், மாசத்துக்கு 62 சொச்சம், சென்சார் லைட் அப்பப்போ எரியுறத சேர்த்தாலும் 70 தாண்டல. 396 எங்க, 70 எங்க.

எழுத்துல போட்டு வைங்க

கமிட்டி மாறினா எல்லாம் பழையபடி ஆகிடும், அதனால பொதுக்குழுவுல தீர்மானமா போட்டுடுங்க. நாங்க போட்டது இவ்வளவுதான்: "காமன் ஏரியாவில் பொருத்தும் எந்த வெளிவிளக்கும் கீழ்நோக்கி இருக்க வேண்டும், 3000 கெல்வினுக்கு மேல் இருக்கக்கூடாது, அடுத்தவர் வீட்டு ஜன்னலில் விழக்கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை பாதுகாப்புக்கான விளக்குகள் மட்டும் எரியும். புது விளக்கு பொருத்த கமிட்டி அனுமதி வேண்டும். பால்கனி விளக்குக்கும் இதே விதி." பத்து மணின்னு வச்சதுக்கு காரணம் இருக்கு, 2000ல வந்த ஒலி மாசு விதியில ஸ்பீக்கருக்கு ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் தடை, அது எல்லாருக்கும் தெரிஞ்ச நேரம், புதுசா விளக்க வேண்டியதில்ல. சத்தத்துக்கு அப்படி ஒரு விதி நாடு முழுக்க இருக்கு, வெளிச்சத்துக்கு தனியா ஒரு மத்திய சட்டம் இல்ல. ஃபிரான்ஸ்ல 2018 உத்தரவுப்படி மூடின கடையோட ஷோகேஸ் லைட்ட எல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு மேல அணைக்கணும், ஸ்லோவேனியாவுல 2007லயே தனி விதி வந்தாச்சு, அமெரிக்காவுல ஃபிளாக்ஸ்டாஃப்னு ஒரு சின்ன ஊரு 1958லயே விளம்பர சர்ச்லைட்ட தடை பண்ணிச்சு. இங்க அப்படி ஒரு சட்டம் வர்ற வரைக்கும் அசோசியேஷனோட பைலாதான் (உள்விதிதான்) நம்ம சட்டம்.

பக்கத்து பில்டிங், தெருவிளக்கு

உங்க லைட்ட சரி பண்ணின பிறகு போங்க, அப்பதான் பேச்சுக்கு எடை இருக்கும். புகார் மாதிரி ஆரம்பிக்காம, அவங்க செக்ரட்டரிய சாயங்காலம் காபிக்கு கூப்பிட்டு, இருட்டினதும் ஜன்னல் பக்கம் உட்கார வைங்க. நாங்க அப்படித்தான் செஞ்சோம். அவர் அம்மா கட்டிலோட தலைமாட்டுல ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார், "இப்படி விழுதுன்னு சத்தியமா தெரியாது மேடம்"னார், மறுநாளே எங்க எலக்ட்ரீஷியன் அண்ணாவ அனுப்பச் சொன்னார், கூலி நாங்க கொடுத்தோம், அரை மணி நேர வேலை. போட்டோ எடுத்து அனுப்பினா போன் தானா வெளிச்சத்த கூட்டி காட்டும், மிகைப்படுத்துறோம்னு நினைப்பாங்க, நேர்ல காட்டுறதுதான் சரி. எவ்வளவு பேசியும் கேட்கலன்னா எழுத்துல கொடுத்து நகல் வச்சுக்கோங்க. தெருவே பாதிக்கப்படுற அளவு இருந்தா பொதுத் தொல்லைன்னு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152வது பிரிவுல மாஜிஸ்ட்ரேட்கிட்ட போக வழி இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

தெருவிளக்கு மாநகராட்சி பொறுப்பு. 2025 செப்டம்பர்ல இருந்து பிபிஎம்பி போய் கிரேட்டர் பெங்களூரு அத்தாரிட்டிக்கு கீழ அஞ்சு மாநகராட்சி ஆகிடுச்சு, உங்க ஏரியா எதுல வருதுன்னு பார்த்துக்கோங்க. 1533ல புகார் பதிஞ்சா ஒரு நம்பர் கொடுப்பாங்க, அத குறிச்சுக்கிட்டு வார்டு எலக்ட்ரிகல் இன்ஜினியர நேர்ல பாருங்க. கம்பத்து நம்பர், எந்த ஜன்னல், என்ன வேணும், மூணும் ஒரே பக்கத்துல எழுதிக் கொடுங்க, கன்னடத்துல எழுதினா வேலை சீக்கிரம் நகரும், "பீதி தீபத பெளக்கு மனெ ஒளகே பீளுத்திதெ" (தெருவிளக்கு வெளிச்சம் வீட்டுக்குள்ள விழுது)ன்னு ஒரு வரி சொன்னாலே முகம் மாறும். கேட்கும்போது "லைட்ட எடுங்க"ன்னு கேட்காதீங்க, விளக்கு மாட்டியிருக்குற கம்பத்தோட கைய கொஞ்சம் கீழ சாய்ச்சு வீட்டுப் பக்கம் ஒரு மறைப்பு போடச் சொல்லுங்க. பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) 2010ல போட்ட தேசிய லைட்டிங் கோட்ல ரோட் லைட்டுக்குன்னே தனிப் பகுதி இருக்கு, எஸ்பி 72ன்னு அதோட நம்பரையும் கடிதத்துல சேருங்க, விவரம் தெரிஞ்சு கேட்குறாங்கன்னு புரியும். எங்களுக்கு மறைப்பு வர மூணு மாசம் ஆச்சு, ஒரு கம்பம் இன்னும் பாக்கி.

வருஷத்துக்கு ஒரு தடவ எண்ணிப் பாருங்க

ஜனவரி இல்ல பிப்ரவரி அமாவாசை ஒட்டி, ராத்திரி ஒம்பது மணிக்கு குழந்தைங்கள கூட்டிக்கிட்டு மொட்டைமாடிக்கு போங்க, கண்ணு இருட்டுக்கு பழக இருபது நிமிஷம் விடுங்க, அதுவரைக்கும் யாரும் போன தொடக்கூடாது. உச்சி பக்கம் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் தெரியும், நாலு மூலையில நாலு, நடுவுல வரிசையா மூணு. அந்த நாலு மூலைக்குள்ள மொத்தம் எத்தனை தெரியுதுன்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா எண்ணி எழுதுங்க, அப்புறம் கார்த்திகை கூட்டத்துல எத்தனைன்னு எண்ணுங்க. ஆறு மீன்னு நம்ம ஆளுங்க பேரே வச்சிருக்காங்க, எங்க மொட்டைமாடியில மூணத்தான் எண்ண முடிஞ்சுது, அம்மா ஆபரேஷன் பண்ணின கண்ணோட நாலுன்னாங்க. ஒரு பில்டிங் மாறினதால ஊரோட வானம் மாறாது, ஆனா மொட்டைமாடி லைட்டுங்க கண்ணுல அடிக்காததால அங்க நின்னு பார்க்கவாவது முடியுது. எண்ணிக்கைய தேதியோட அசோசியேஷன் நோட்ல எழுதி வைங்க.

எங்க பில்டிங்ல இப்ப கார்த்திகை தீபத்தன்னைக்கு ஏழுல இருந்து எட்டு வரைக்கும் காமன் லைட்ட அணைச்சுட்டு அகல் மட்டும் ஏத்துறோம். நீங்களும் செய்றதா இருந்தா முந்தின நாளே செக்யூரிட்டிக்கும் எல்லா வீட்டுக்கும் சொல்லிடுங்க, படிக்கட்டு லைட்டையும் லிஃப்ட் வாசல் லைட்டையும் மட்டும் அணைக்காதீங்க, அன்னைக்கு பெரியவங்க நிறைய பேர் கையில விளக்கோட கீழ இறங்கி வருவாங்க.